எந்த போனஸைக் கூட்டுவது?

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பு ஆடுகிறோம். போனஸ் கூட்டுவதிலேயே மாலை கழிகிறது. எளிதாக்க வழி உண்டா?
— ஒரு வாசகர், மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: உண்டு. 2000இல் வந்த அந்தப் பதிப்பில் ஒரே வகையில் இரண்டு போனஸ் வந்தால் பெரியதே செல்லும். நல்ல விதிதான், ஆனால் வகைகள் பத்துக்கும் மேல், போதாததற்கு விலக்குகள் வேறு. பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு (2019) பொருள், நிலை, சூழல் என மூன்றே வகைகளை வைத்துக்கொண்டது. அதைக் கடன் வாங்குங்கள். உதாரணமாக, மந்திர வாள் (பொருள்) +1, ஆசி மந்திரம் (நிலை) +1, எதிரியை இருபுறமும் வளைத்தது (சூழல்) +2, ஆக +4. பாணரின் பாட்டும் +1 தந்தால்? ஆசியும் பாட்டும் 'நிலை' வகை, ஒன்றுதான் செல்லும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் (2014) பெரும்பாலும் போனஸுக்குப் பதில் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்தால் போதும். வேகம்தான், ஆனால் கூடித் திட்டமிடும் சுவை குறைகிறது. என் ஓட்டு மூன்று வகைக்கே. வகைக்கு ஒன்றாகத் தாளில் மூன்று கட்டம் போட்டு, 'பொருள்' கட்டத்தை ஆட்டத்துக்கு முன்பே நிரப்பிவிடுங்கள். அது அடிக்கடி மாறாது.