பட்டியல் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்

மண்சரிவில் வீட்டை இழந்து, பாடசாலைக் கட்டடத்திலோ உறவினர் லயத்திலோ ஒதுங்கியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு அரசாங்கம் என்பது பெரும்பாலும் ஒரு பெயர்ப் பட்டியல்தான். பெயர் இருந்தால் காணி, வீடு, நிவாரணம். இல்லாவிட்டால் மறுபடியும் கிராம உத்தியோகத்தரிடம் போய் நிற்க வேண்டும். பட்டியலை எழுதியவர் யார், எதை வைத்து எழுதினார் என்று கேட்கத் துணிபவர்கள் நம்மில் குறைவு. கேட்டால் உள்ளதும் போய்விடுமோ என்ற பயம்.

இந்தப் பட்டியலை இணையத்தளத்தில் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

அண்மைய உதாரணம் ஒன்று நமக்கெல்லாம் தெரிந்ததே. 2023இல் ‘அஸ்வெசும’ கொடுப்பனவுக்குத் தெரிவானவர்களின் பட்டியல் இணையத்திலும் பிரதேச செயலகங்களிலும் வெளியிடப்பட்டது. பெயர் விடுபட்டவர் மேன்முறையீடு செய்யலாம். தகுதியற்ற ஒருவர் இடம்பெற்றிருந்தால் ஆட்சேபனையும் தெரிவிக்கலாம். இரண்டுக்கும் ஜூலை 10 வரை தவணை தரப்பட்டது. பட்டியல் பூட்டிய அலுமாரிக்குள் கிடந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். ஆனால் கைத்தொலைபேசியில் டேட்டா இல்லாத தாய், கொழுந்துக்குப் போய் மாலையில் திரும்பும் பெண், சிங்களப் படிவத்தை வாசிக்கத் தெரியாத முதியவர் ஆகியோருக்கு அந்தத் திறந்த கதவும் பாதி மூடிய கதவே. தவணை மட்டும் எல்லோருக்கும் ஒரே தவணை!

இந்தச் சிக்கலுக்கு நம் நாட்டிலேயே முன்பு ஒரு வழி கண்டார்கள். மகாவலித் திட்டத்தால் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்காகக் கொத்மலையில் 1989இல் ஒரு சமூக வானொலி தொடங்கப்பட்டது. பத்து ஆண்டுகளுக்குப் பின், யுனெஸ்கோவின் உதவியுடன் அங்கே இணைய வசதி வந்தது. அப்போது கிராமத்தில் கம்பியூட்டர் வைத்திருந்தவர் எத்தனை பேர்? ஆகவே நேயர்கள் தங்கள் கேள்விகளை அனுப்பினார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, பதிலை மக்கள் மொழியில் வானொலியில் சொன்னார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணைய நிலையங்கள் வைக்கப்பட்டன. குறையும் இருந்தது. நிகழ்ச்சிகள் பெரும்பாலும் சிங்களத்திலேயே நடந்ததால், சுற்றியிருந்த தோட்ட மக்களுக்குக் கிடைத்த பயன் குறைவு. என்றாலும் ஒருவர் தேடிப் பலருக்கு வாசித்துச் சொல்லும் அந்த முறையை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தியாவின் ராஜஸ்தானில் ஏழை விவசாயிகளும் கூலியாட்களும் இதையே இணையம் இல்லாமல் செய்தார்கள். அருணா ராய் முதலியோர் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு, 1994 டிசெம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மக்கள் விசாரணைக் கூட்டம் நடத்தியது. அரசாங்க வேலைகளின் செக்ரோல்களையும் பற்றுச்சீட்டுகளையும் ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். வேலை செய்யாதவர் பெயரில் சம்பளம் எழுதப்பட்டிருந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. நம் தோட்டங்களில் பெயர் போடும் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் போராட்டத்தின் வழியாகவே 2005இல் இந்தியாவுக்குத் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. 2019இல் ராஜஸ்தான் அரசு பல திட்டங்களின் பட்டியல்களைக் கேட்காமலே பார்க்கக்கூடிய ஓர் இணையத்தளத்தையும் திறந்தது. முதலில் ஊர் கூடிக் கேட்டது. இணையத்தளம் பிறகு வந்தது. இந்த வரிசையை மறந்துவிட வேண்டாம்.

நமக்கும் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. பிரஜை எவரும் கேட்கலாம். (1948இல் பிரஜாவுரிமை இழந்து, அதைத் திரும்பப் பெற 2003 வரைகூடக் காத்திருந்த நம் பெரியவர்களுக்கு இந்தச் சொல்லின் பாரம் தெரியும்.) காரணம் சொல்லத் தேவையில்லை. மின்னஞ்சலிலும் அனுப்பலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், தகவல் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். எந்த மொழியில் பதில் வேண்டும் என்பதையும் குறிப்பிடுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். உயிரோடு சம்பந்தப்பட்ட விடயமானால் 48 மணித்தியாலம். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பிறகு இரண்டு மாதங்களுக்குள் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

கேட்கும் விதத்தில்தான் நாம் பெரும்பாலும் தவறுகிறோம். “எங்களுக்கு ஏன் வீடு தரவில்லை?” என்பது முறைப்பாடு, அதற்கு “பரிசீலனையில் உள்ளது” என்று ஒரு வரியில் பதில் வரும். “எங்கள் பிரிவு பற்றி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தந்த மண்சரிவு அறிக்கையின் பிரதி தருக; மீள்குடியேற்றத்துக்குத் தெரிவு செய்த விதிகள் என்ன; எத்தனை குடும்பம் தெரிவானது; ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவானது எவ்வளவு?” என்று கேட்டால், பதிலாக ஒரு பத்திரம் தர வேண்டியிருக்கும். பிறருடைய சொந்த விபரங்களை மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு. விதியையும் எண்ணிக்கையையும் தொகையையும் அந்தக் காரணம் காட்டி மறைக்க முடியாது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் தன்னிடமுள்ள கடிதங்களைக் கொண்டு வரட்டும். கைத்தொலைபேசி பழகிய பிள்ளைகள் இருவர் அவற்றைப் படம் எடுத்து வைக்கட்டும். வெள்ளத்தில் காகிதம் போனாலும் படம் மிஞ்சும். பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரேயொரு கேள்வியைத் தெரிந்தெடுத்து எழுதுங்கள். அதை யார் கொண்டுபோய்க் கொடுப்பது, வரும் பதிலை யார் எல்லோருக்கும் தமிழில் வாசித்துக் காட்டுவது என்பதையும் அன்றே பேசி முடிவெடுங்கள். கையளிக்கும்போது திகதியிட்ட பற்றுச்சீட்டை வாங்காமல் திரும்ப வேண்டாம். 14 நாள் கணக்கு அதை வைத்துத்தான்.