முதல் கைத்துப்பாக்கி: பெரியதா, சின்னதா?

அமெரிக்காவில் துப்பாக்கிக் கடைக்கு முதன்முறையாகப் போகிறவர் பெண்ணாக இருந்துவிட்டால், கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் கேட்காமலே சின்னதாக ஒன்றை எடுத்து நீட்டுவார். ஐந்து குண்டு ரிவால்வர், இல்லையென்றால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பிஸ்டல். கையில் வாங்கினால் லேசாக இருக்கும். பயமும் பாதி போய்விடும். வாங்கியும் விடுவார்கள். பிறகு சுடுதளத்தில் ஒரு பெட்டித் தோட்டா தீர்வதற்குள் மணிக்கட்டு வலிக்க ஆரம்பிக்கும். அத்தோடு அந்தத் துப்பாக்கி அலமாரியை விட்டு வெளியே வராது. டெக்சாஸில் நம்மவர்கள் வீடுகளில் இந்தக் கதை எனக்குப் பழக்கமானது. ஆகவே என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் கைத்துப்பாக்கி மிகச் சின்னதாக இருக்கக் கூடாது.

அளவைப் பேசுமுன் விசாவைப் பேசியாக வேண்டும். எச்1பி, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. வழக்கறிஞரைக் கேட்காமல் அவற்றை நம்பி இறங்க வேண்டாம். நண்பரோடு சுடுதளத்துக்குப் போய் அவர் துப்பாக்கியை வாங்கி நாலு குண்டு சுட்டுப் பார்ப்பதும்கூட இந்தத் தடைக்குள் வரும். பலருக்கு இது தெரியாது. க்ரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். அங்கே நிரப்பச் சொல்லும் 4473 படிவத்தில் விசா பற்றியும் கேள்வி இருக்கிறது. பொய் எழுதினால் அதுவே தனிக் குற்றம்.

இனி அளவு. க்ளாக் 17, க்ளாக் 19 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் சீக்கிரம் விளங்கும். முதலாவது முழு அளவு, ஆஸ்திரிய ராணுவம் 1982இல் ஏற்றுக்கொண்டது. இரண்டாவது 1988இல் வந்த காம்பாக்ட். இரண்டிலும் ஒரே 9 மி.மீ. தோட்டாதான். 17இன் குழல் 114 மி.மீ., 19இன் குழல் 102. உயரத்திலும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். 17இன் மேகசினில் 17 குண்டு, 19இன் மேகசினில் 15. குண்டு நிரப்பிய பிறகு எடையில் சுமார் 60 கிராம் வேறுபாடு. எஃப்.பி.ஐ. 2016இல் 9 மி.மீ.க்குத் திரும்பியபோது இந்த இரண்டு அளவிலுமே துப்பாக்கி எடுத்தது. ஆக, முழு அளவுக்கும் நடுத்தரக் காம்பாக்டுக்கும் நடுவில் இருப்பது சிறு பள்ளம்தான். அதற்கும் கீழே போனால்தான் பாதாளம். 2018இல் வந்து பரபரப்பாக விற்ற சிக் பி365இன் குழல் 79 மி.மீ., குண்டில்லாத எடை அரைக் கிலோ. மறைத்து வைத்துக்கொள்ள அருமையான சாமான். ஆனால் புதிதாகப் பழகுகிறவரின் கையில் அதை முதலில் கொடுக்க மாட்டேன்.

காரணம் எளிய இயற்பியல். அதே தோட்டா, அதே வேகம்; துப்பாக்கி எடை குறையக் குறையக் கைக்கு வரும் உதைப்பு கூடும். கைப்பிடி குட்டையாக இருந்தால் சுண்டுவிரலுக்குப் பிடிக்க இடம் இருக்காது. உதைக்கும்போது துப்பாக்கி உள்ளங்கைக்குள்ளேயே புரளும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் குறைவு என்பதால், குறி பார்ப்பதில் மயிரிழை பிசகினாலும் இலக்கில் பெரிதாகத் தெரியும். மேலே ஓடும் ஸ்லைடின் எடையும் குறைவாக இருப்பதால், அதைக் கட்டுப்படுத்தக் கெட்டியான ஸ்பிரிங் போட்டிருப்பார்கள். கையில் வலுக் குறைந்தவர்களால் அதைப் பின்னுக்கு இழுக்கவே முடியாது. மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு 'சின்னது சுலபம்' என்று சொல்லி விற்பது இங்கேதான் கவிழ்கிறது. அவர்களுக்காகவே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018இல் 'ஷீல்ட் ஈஸி' என்ற வரிசையைத் தொடங்கியது. ஸ்லைடு இழுக்க இலகுவாக இருக்கும். கடையில் கேட்டுப் பாருங்கள்.

லேசான ஐந்து குண்டு ரிவால்வர் இன்னும் மோசம். சுமார் 410 கிராம் எடையில், இரண்டு அங்குலம்கூட இல்லாத குழலோடு, .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுடும். விசையை இழுப்பது நீளமாகவும் கனமாகவும் இருக்கும். இழுத்து முடிப்பதற்குள் குறி நகர்ந்துவிடும். வருடக்கணக்கில் சுட்டுப் பழகியவர்கள் இரண்டாவது துப்பாக்கியாக வைத்துக்கொள்வது அது. 'பெண்களுக்கு ஏற்றது' என்ற பெயர் அதற்கு எப்படி வந்ததோ தெரியவில்லை.

அப்படியானால் எல்லாரும் முழு அளவே வாங்கலாமா? வெளியே எடுத்துப் போகிற எண்ணம் இருந்தால் யோசிக்க வேண்டும். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத்தடை ஏதும் இல்லாத, 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டுபோகலாம். இங்கே பலர் குழலின் நீளத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். குழல் இடுப்புக்குக் கீழே உறைக்குள் இறங்கிவிடும், அது யாருக்கும் தெரியாது. சட்டைக்கு மேல் முட்டிக்கொண்டு காட்டிக்கொடுப்பது கைப்பிடிதான். மறைத்துப் போக வேண்டியவர் குறைக்க வேண்டியது கைப்பிடியின் உயரத்தை. க்ளாக் 19 இத்தனை ஆண்டுகளாக நிற்பது இதனால்தான்: சராசரிக் கைக்கு மூன்று விரலும் அமரும், ஹூஸ்டன் வெயிலில் ஒரு தளர்ந்த அரைக்கைச் சட்டைக்குள் மறையவும் செய்யும்.

உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல உறையும் கெட்டியான பெல்ட்டும் இல்லாமல் எந்த அளவும் சரிப்படாது. சுடிதாருக்குப் பெல்ட் ஏது? உடனே பலர் கைப்பையில் போட்டுக்கொள்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் ஊர் வால்மார்ட்டில், இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பைக்குள் கைவிட்டுத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டதில் அந்தத் தாய் அங்கேயே இறந்தார். அதுவும் மறைத்து எடுத்துப் போகவென்று செய்த சின்ன பிஸ்டல்தான். இடுப்பில் கட்ட முடியாத உடை என்றால், அன்றைக்குத் துப்பாக்கி வீட்டில் பூட்டிக் கிடக்கட்டும்.

வீட்டுக்கு மட்டும் என்றால் நான் இரண்டாவது யோசனை செய்ய மாட்டேன்: முழு அளவு. யாருக்கும் மறைக்க வேண்டியதில்லை, சுமக்க வேண்டியதில்லை. பிறகு ஏன் உதைப்பை விலைகொடுத்து வாங்க வேண்டும்? குழலுக்குக் கீழே விளக்கு பொருத்தும் தண்டு இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு தனியாக ஒரு கை டார்ச்சும் வேண்டும். யாரென்று பார்க்கத் துப்பாக்கியையே நீட்டக் கூடாது. நடுராத்திரி சமையலறையில் சத்தம் கேட்டால், அது பெரும்பாலும் கல்லூரியிலிருந்து சொல்லாமல் வந்து நிற்கும் உங்கள் பிள்ளையாகத்தான் இருக்கும். முகத்தைப் பார்க்காமல் விசையில் விரல் போகக் கூடாது.

எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதும் கணக்கை மாற்றும். நியூஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியாவில் பத்துக் குண்டுக்கு மேல் பிடிக்கும் மேகசின் கூடாது. அங்கே 17க்கும் 15க்கும் நடுவில் வாதாட ஒன்றுமில்லை. கைக்கு எது அமர்கிறதோ அதுதான் கேள்வி. கலிஃபோர்னியாவில் கடையில் புதிதாக விற்க அனுமதிக்கப்பட்ட மாடல்களுக்கென்று தனிப் பட்டியலே உண்டு. டெக்சாஸ் உரிமம் இந்த மூன்று மாநிலங்களிலும் செல்லாது. நியூஜெர்சியின் எடிசனில் இருக்கும் அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குக் காரில் கிளம்புகிறவர்கள் இதை மறந்துவிட வேண்டாம்.

வாங்குமுன் வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளம் ஒன்றைத் தேடுங்கள். பயிற்சியாளர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே வகைத் தோட்டாவை இரண்டு அளவிலும் தலா ஒரு பெட்டி சுடுங்கள். ஏழு கஜ தூரத்தில் காகிதத்தில் ஓட்டைகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். முதல் பத்துக் குண்டை விடக் கடைசிப் பத்துக் குண்டுதான் உண்மையைச் சொல்லும். கை களைத்த பிறகும் எதில் ஓட்டைகள் நெருங்கி விழுகின்றனவோ அதுவே உங்களுடையது. கணவருக்குப் பிடித்தது மனைவிக்கும் பிடிக்கும் என்று ஒன்றை வாங்காதீர்கள். விரல் விசையை எட்டுகிறதா என்பது ஆளுக்கு ஆள் வேறு.

இத்தனைக்கும் பிறகு ஒன்று. அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொள்பவர்கள். வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு இருந்தால் இப்போதைக்கு எந்த அளவும் வேண்டாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில், குண்டு நிரப்பிய துப்பாக்கியை அலட்சியமாக விட்டுவைத்து, அது 17 வயதுக்குக் கீழுள்ளவர் கைக்குக் கிடைத்துவிட்டால், டெக்சாஸ் சட்டப்படியே குற்றம். வாங்குவதென்று முடிவு செய்துவிட்டால், விரைவாகத் திறக்கும் பூட்டுப் பெட்டியை இந்த வாரம் வாங்கிச் சுவரிலோ கட்டிலிலோ பொருத்திவிடுங்கள். துப்பாக்கியை அடுத்த வாரம் வாங்கலாம்.