கீறலைக் கேட்டாயா?

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் காரில் கீறல் விழுந்ததையும், வாட்ச்மேன் மகன்தான் சாவியால் இழுத்தான் என்று குடியிருப்பில் பேசிக்கொள்வதையும் படித்ததிலிருந்து எனக்கு அந்தப் பையன் நினைப்புதான். பத்து வயதுப் பிள்ளை. பார்த்தவர் யாருமில்லை என்கிறாய். அப்படியானால் கீறலைத்தான் கேட்க வேண்டும்.

கார் பெயிண்ட் ஒரே பூச்சு இல்லை. தகட்டில் துரு தடுக்கும் அடிப்பூச்சு, மேலே பிரைமர், அதற்கு மேல் நிறம், கடைசியில் பளபளக்கும் கிளியர் கோட். கம்பெனி பெயிண்ட் எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். விசிட்டிங் கார்டு கனம்கூட வராது. கீறலின் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டு. நகம் தட்டாமல் வழுக்கினால் காயம் மேலாக நின்றுவிட்டது. தட்டினால் உள்ளே பார்: சாம்பல் நிறம் தெரிந்தால் அநேகமாகப் பிரைமர், வெள்ளியாக மின்னினால் தகடு.

பட்டறையில் நான் இருந்தபோது ஒருவர் வெள்ளைக் காரைக் கொண்டுவந்தார். "நேத்து ராத்திரி பக்கத்து வீட்டுக்காரன் கீறிட்டான்" என்றார், கை நடுங்க. வெயிலில் நிறுத்திக் குனிந்தேன். கோட்டுக்குள் செம்பழுப்புத் துரு. கடற்காற்று ஊரில் வெறும் இரும்பு சீக்கிரமே துருப் பூக்கும். அதை வைத்து மட்டும் நாள் சொல்ல மாட்டேன். ஆனால் கோட்டின் ஓரத்தில் பெயிண்டுக்கு அடியிலும் துரு புகுந்து, கடுகளவு கொப்புளங்கள் எழும்பியிருந்தன. அது ஒரு ராத்திரி வேலை இல்லை. லென்ஸ் வைத்தபோது கோட்டுக்குள் பச்சைத் துணுக்குகள். அவர் வீட்டு கேட் பச்சை. டேப் பிடித்து அளந்தோம்: கேட்டின் தாழ்ப்பாளும் கீறலும் ஒரே உயரம். அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். காலையிலேயே அந்த வீட்டு வாசலில் போய்க் கத்திவிட்டு வந்திருந்தார்.

மரக்கிளை உரசினால் மெல்லிய கோடுகள் பல, பக்கம் பக்கமாக விழும். மண் ஒட்டிய துணியால் துடைத்தால் வெயிலில் வட்டவட்டமாகத் தெரியும். பறவை எச்சம் கோடு போடாது, அரித்துத் தழும்பாக்கும். சாவிக் கோடு பெரும்பாலும் ஒற்றையாக, அழுத்தம் ஏறி இறங்கிப் போகும். ஆனாலும் அது யார் கை என்பதைக் கோடு சொல்லாது, கயல். அதை மறந்துவிடாதே.

போலீசுக்குப் போகலாம் என்கிறார்களாமே. 1 ஜூலை 2024 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவு இதற்குப் பொருந்தும். ஆனால் அங்கேயும் நட்டம் உண்டாக்கும் எண்ணமோ, உண்டாகும் என்ற அறிவோ இருந்ததா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

காரைக் கழுவ விடாதே. காலை வெயில் சாய்வாக விழும்போது, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடு. தரையிலிருந்து உயரத்தை அளந்து எழுது. வண்டி நிற்கும் இடத்துத் தூண், பக்கத்து பைக்கின் ஹேண்டில், எல்லாவற்றையும் அளந்துவிடு. அளக்கும்போது அந்தப் பையனின் அம்மாவையும் கூப்பிட்டு நிறுத்திக்கொள். டேப்பின் மறுமுனையை அவர் பிடிக்கட்டும்.

அன்புடன்,
மாமா