பாதைக்கு அடியில் ஒரு குழாய்

அன்புள்ள கண்மணிக்கு,

மாஹிமுக்குக் குடிவந்து இத்தனை நாளாகியும் பிராட்பேண்ட் கிடைக்கவில்லை, முன்கட்டடத்துக்காரர்கள் தங்கள் வழியாகக் கேபிள் போகக் கூடாது என்று வாட்ச்மேனை விட்டுத் தடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டம் இங்கே அவர்கள் பக்கம்தான் நிற்கிறது. அதை முதலில் தெரிந்துகொள்.

எல்.ஜே. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் அந்த வழி மாநகராட்சி ரோடு இல்லை. இரண்டு கட்டடங்களின் சொசைட்டிகளும் புழங்குகிற தனியார் வழி. உங்கள் கட்டடத்தார் பல வருடமாக அதில் நடந்து போயிருக்கலாம், வண்டி ஓட்டியிருக்கலாம். அதனால் கம்பி இழுக்கும் உரிமையும் வந்துவிடாது. ஒரு வகைப் பாதையுரிமைக்குள் இன்னொரு வகை அடங்காது என்று 1882ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டமே சொல்கிறது. இங்கிலாந்திலும் இதே கதைதான். தனியார் தெருவில் கேபிள் போட, மண்ணுக்குச் சொந்தக்காரர்களிடம் 'வேலீவ்' என்ற எழுத்து அனுமதி வாங்கித்தான் கம்பெனிக்காரர்கள் கை வைப்பார்கள்.

2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறதே என்பாய். அதில் தனியார் இடத்துக்கு வழி இருக்கிறது. ஆனால் விண்ணப்பிக்க வேண்டியது கம்பெனி, நீ இல்லை. இட உரிமையாளரும் கம்பெனியும் பேசி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். அவர் மறுத்தால், பொதுநலனுக்கு அவசியம் என்று மத்திய அரசு கருதினால் மட்டுமே அரசு தலையிடலாம். பின்கட்டடத்தில் நாலு வீட்டு இணைப்புக்காக எந்தக் கம்பெனியும் அவ்வளவு தூரம் போகாது. ஆகவே பேச்சுதான் உனக்கு வழி.

நீ தனியாகப் போய்க் கேட்காதே. உங்கள் சொசைட்டி லெட்டர்ஹெட்டில், உங்கள் செக்ரட்டரி கையெழுத்தோடு, அவர்கள் கமிட்டிக்குக் கடிதம் போகட்டும். அதற்குமுன் அந்த மண் யார் பேரில் இருக்கிறது என்று பார்க்கச் சொல். நிலத்தின் சி.எஸ். (கடாஸ்ட்ரல் சர்வே) நம்பரைக் கொடுத்துப் பிராபர்ட்டி கார்டு எடுத்தால் தெரிந்துவிடும். பம்பாயில் கன்வேயன்ஸ் ஆகாத, அதாவது நிலம் சொசைட்டி பேருக்கு மாறாத, பழைய கட்டடங்கள் நிறைய. மண் இன்னும் பழைய நிலச்சொந்தக்காரர் பேரிலேயே கிடக்கும். அப்படியானால் கமிட்டியோடு அவருடைய ஒப்புதலும் வேண்டும்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஒரு ஒயருக்கு அனுமதி கேட்காதே, ஒரு குழாய்க்குக் கேள். இன்று ஒரு கம்பெனிக்கு ஒயர் விட்டால், நாளை அடுத்த வீட்டுக்காரர் வேறு கம்பெனியைக் கூட்டிவருவார். மறுபடி தோண்டல், மறுபடி சண்டை. அவர்கள் அஞ்சுவதும் அதைத்தானே? 32 மில்லிமீட்டர் குழாய் ஒன்று போதும். வீட்டுக்குப் போகும் மெல்லிய ஃபைபர் பல அதில் அடங்கும். உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டுவைத்தால் பிறகு வருகிறவர் எதையும் பெயர்க்காமல் இழுத்துக்கொள்ளலாம்.

மொட்டைமாடியிலிருந்து மொட்டைமாடிக்கு இழுத்துவிடலாம் என்று கேபிள்காரர் சொல்வார். சம்மதிக்காதே. மாஹிம் கடற்காற்றில் தாங்குகம்பியும் கிளாம்ப்பும் துருப்பிடிக்கும், கேபிள் தொய்யும். எங்கள் சந்தில் தண்ணீர் டேங்கர் ஒன்று அப்படித் தொய்ந்த கேபிளை முட்டி இழுத்துக்கொண்டு போனதில் மூன்று மாடி இணைப்பும் போயிற்று. கணபதி ஊர்வலத்துக்கு மூங்கிலால் ஒயரைத் தூக்கிப் பிடிக்கும் பையன்களையும் நீ பார்ப்பாய்.

உங்கள் வழியில் பேவர் பிளாக் பதித்திருப்பது நல்லதாயிற்று. கான்கிரீட் என்றால் வெட்ட வேண்டும். இதில் சுவரோரம் ஒரே ஒரு வரிசையைக் கடப்பாரை முனையால் நெம்பி எடுத்து, வரிசை மாறாமல் அடுக்கி வைத்து, கீழே உள்ள மணலை ஒதுக்கிப் பள்ளம் எடுத்துக் குழாயை இறக்கலாம். மணலை நிரப்பி இறுக்கித் தட்டிவிட்டு அதே கற்களை அதே இடத்தில் பதித்தால் அடையாளம் தெரியாது. வண்டிச் சக்கரம் ஏறும் இடத்தில் மட்டும் இன்னும் ஆழமாக, கெட்டிக் குழாயாகப் போடச் சொல். திருப்பங்களில் செங்கோண எல்போ வேண்டாம். ஃபைபரைச் சட்டென்று மடித்தால் ஒளி கசியும். பெஸ்ட் மின்கேபிள், தண்ணீர்க்குழாய், எரிவாயுக்குழாய் எங்கே ஓடுகின்றன என்று தெரிந்துகொள்ளாமல் யாரும் கடப்பாரையைத் தொடக் கூடாது. வேலையை மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

முன்கட்டடத்தார் வாடகை கேட்கலாம். உன் எல்.ஜே. ரோட்டுக்குப் பெயர் தந்த லேடி ஜம்ஷெட்ஜி, அரசு செலவு செய்ய மறுத்த மாஹிம் காஸ்வேக்குத் தன் பணம் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கொடுத்தார். சுங்கம் வாங்கக் கூடாது என்று நிபந்தனையும் போட்டார். 1845இல் திறந்த பாதை அது. அதைச் சொல்லி வாதாட வேண்டாம். வாடகைக்குப் பதிலாக, அவர்கள் கட்டடத்துக்கும் அதே குழாயில் கிளை தருவதாகச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நியாயமான பேரம் இல்லை.

கடிதத்தில் இவை இருக்கட்டும்: செலவு முழுக்க உங்களுடையது, பெயர்த்ததைப் பழையபடி ஆக்கித் தருவீர்கள், பழுது பார்க்க வருகிறவர் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவார், குழாய் பதித்ததால் மண்ணில் உங்களுக்கு எந்தப் பாத்தியதையும் வராது. கடைசி வரியை விட்டுவிடாதே. அவர்கள் மனதில் உள்ள இன்னொரு பயம் அதுதான். குழாய் போகும் தடத்தை வரைந்து இணைத்து, இரண்டு செக்ரட்டரிகளும் அந்த வரைபடத்திலும் கையெழுத்திட வேண்டும். வாய்ச் சம்மதம் கமிட்டி மாறினால் போய்விடும்.

ஆங்கிலத்தில் எழுதி எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன். அவர்கள் செக்ரட்டரி மராத்திக்காரர் என்றாயே, மராத்தியிலும் ஒரு நகல் வையுங்கள்.

அன்புடன்,
அத்தை
மாட்டுங்கா