காய்கறிகளும் முதியோரின் சிறுநீர்த் தடையும்

நமது தோட்டங்களில் விளையும் வெங்காயம், தக்காளி, கத்தரி, முருங்கை ஆகியவை ஆண்களுக்கு முதுமையில் உண்டாகும் சிறுநீர்த் தடையை மாற்றவல்லன என்று கமக்காரர் பலர் கேள்விப்பட்டிருத்தல் கூடும். இக்கூற்றில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு. இரண்டையும் பிரித்தறியாவிடின் நட்டம் நேரும். சிலர் நல்ல காய்கறி முழுவதையும் சந்தைக்கு அனுப்பிவிட்டுத் தாம் உண்ணாது விடுகின்றனர். வேறு சிலர் காய்கறியையே மருந்தென நம்பி, வைத்தியரிடம் செல்லவேண்டிய காலத்தைக் கடத்திவிடுகின்றனர். பின்னவர்க்கு நேரும் நட்டமே பெரிது. ஆதலால் இதுபற்றி ஒவ்வொரு கமக்காரக் குடும்பமும் அறிந்திருத்தல் நன்று.

சுரப்பியும் அதன் நோய்களும்

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளிவரும் குழாயைச் சூழ்ந்து, புரொஸ்ரேற் என்னும் சுரப்பி அமைந்துள்ளது. இளம் பருவத்தில் இது பெரிய நெல்லிக்காயளவினதாய், ஏறக்குறைய 20 கிராம் நிறையுடையதாயிருக்கும். விந்துடன் கலக்கும் ஒருவகை நீரைச் சுரப்பதே இதன் தொழில். 40 வயதிற்கு மேல் இச்சுரப்பி மெல்ல மெல்லப் பருக்கத் தொடங்கும். வாய்க்காலின் இரு கரைகளும் உள்நோக்கித் தடித்தால் வயலுக்குப் பாயும் நீர் குறைவதுபோல, சுரப்பி பருக்குமிடத்து நடுவேயுள்ள குழாய் நெருக்கப்படுகின்றது. அதனாற் சிறுநீர் தொடங்கத் தாமதமாகும், தாரை மெலியும், முடிவிற் சொட்டுச் சொட்டாக வடியும், இரவிற் பலமுறை எழவேண்டி வரும். 60 வயதை அடைந்த ஆண்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேரிடம் இப்பருமன் காணப்படும்.

வயதினால் உண்டாகும் இப்பருமன் புற்றுநோயன்று. ஆயினும் இதே சுரப்பியில் அழற்சியும் உண்டாகலாம், புற்றுநோயும் உண்டாகலாம். இம்மூன்று நோய்களின் குறிகளும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். புற்றுநோய் தொடக்கத்தில் எக்குறியும் காட்டாதிருத்தலும் உண்டு. எனவே தமக்குள்ளது எந்நோய் என்பதை வீட்டிலிருந்தவாறே ஒருவராலும் தீர்மானிக்க இயலாது.

தாவரங்களிலுள்ள பிளவனொயிட்டுகள்

தாவரங்கள் கடும் வெயிலிலிருந்தும் பீடைகளிலிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ளவும், பூவுக்கும் காய்க்கும் நிறமூட்டவும் பலவகைப் பொருள்களை ஆக்குகின்றன. அவற்றுள் ஒரு பெருங் குழுவே பிளவனொயிட்டுகள். 1936ஆம் ஆண்டில் ஹங்கேரிய அறிஞர் அல்பேட் சென்ற் ஜோர்ஜியும் அவருடன் பணியாற்றியோரும் இவற்றை “விற்றமின் பி” வரிசையினின்றும் வேறான ஒரு புதிய விற்றமினாகக் கருதித் தனிப்பெயர் இட்டனர். இவை இல்லாமையால் குறித்த நோயெதுவும் உண்டாவதில்லை என்பது பின்னர்த் தெளிவாகவே, விற்றமின் என்னும் பெயர் கைவிடப்பட்டது.

சிவப்பு வெங்காயத்தில் குவெர்செற்றின் என்னும் பிளவனொயிட்டு மிகுதி. முருங்கையிலையிலும் அது உண்டு. கத்தரிக்காயின் ஊதாத் தோலில் நிறந்தரும் பிளவனொயிட்டு அடங்கியுள்ளது. சோயா அவரையில் ஐசோபிளவோன்கள் உள்ளன. தோடம்பழத்திலும் எலுமிச்சையிலும் வேறு வகைகள் உள்ளன. தக்காளிக்குச் சிவப்பு நிறந்தரும் லைக்கோப்பீன் இக்குழுவைச் சேர்ந்ததன்று; அது கரற்றின் இனத்தைச் சேர்ந்தது. எனினும் புரொஸ்ரேற் சுரப்பி பற்றிய பேச்சில் அதுவும் இடம்பெறுகின்றது.

பரிசோதனைகள் காட்டுவன

1999ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் சிலர் குவெர்செற்றினைப் பரிசோதித்தனர். நீடித்த புரொஸ்ரேற் அழற்சியால் வருந்திய 30 ஆண்கள் இதிற் பங்குபற்றினர். ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு இருமுறை 500 மில்லிகிராம் வீதம் ஒரு மாதம் குவெர்செற்றின் கொடுக்கப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு மருந்தற்ற வெறுங் குளிசை கொடுக்கப்பட்டது. முதற் பிரிவில் நூற்றுக்கு 67 வீதமானோருக்கும், இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு 20 வீதமானோருக்கும் நோய்க்குறிகள் காற்பங்கேனும் தணிந்தன. இது நம்பிக்கை தரும் பேறேயாயினும், பங்குபற்றியோர் மிகச் சிலர், காலமும் குறுகியது. அன்றியும் இது அழற்சிக்குச் செய்த பரிசோதனை. வயதினால் வரும் பருமனுக்கோ புற்றுநோய்க்கோ செய்ததன்று.

இனி அளவைக் கவனிப்போம். 100 கிராம் வெங்காயத்தில் ஏறக்குறைய 20 முதல் 40 மில்லிகிராம் குவெர்செற்றின் உண்டு. அப்பரிசோதனையிற் கொடுத்த நாளளவாகிய 1,000 மில்லிகிராமை வெங்காயத்தாற் பெறவேண்டுமாயின், நாள்தோறும் இரண்டரை முதல் ஐந்து கிலோகிராம் வரை உண்ணுதல் வேண்டும். இஃது எவராலும் இயலாத காரியம். கறியிற் சேரும் வெங்காயம் உணவாகும். அவ்வளவில் அது மருந்தாகாது.

அவ்வாறாயின் செறிவாக்கிய குளிசைகளை வாங்கி உண்ணலாமே எனச் சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் வளரும் ஒருவகைச் சிறு பனையின் பழச்சாறு, பருத்த சுரப்பிக்கு மருந்தெனப் பல நாடுகளில் விற்கப்படுகின்றது. 225 ஆண்களிடம் ஓராண்டு நடத்தி 2006இல் வெளியிடப்பட்ட பரிசோதனையில், அது வெறுங் குளிசையிலும் மேலான பயனெதையும் தரவில்லை. விற்றமின் ஈ புரொஸ்ரேற் புற்றுநோயைத் தடுக்குமோ என அறிய 2001இல் தொடங்கிய பெரும் பரிசோதனையில் 35,000இற்கு மேற்பட்ட ஆண்கள் சேர்க்கப்பட்டனர். பயன் காணப்படாமையால் 2008இல் குளிசை கொடுத்தல் நிறுத்தப்பட்டது. 2011இல் கணக்கெடுத்தபோது, விற்றமின் ஈ மட்டும் உண்டோரிடையே அப்புற்றுநோய் நூற்றுக்கு 17 வீதம் கூடியிருந்தது. உணவில் அளவாக இருக்கையில் நலந்தரும் பொருள், செறிந்த குளிசையாகும்போது கேடு விளைத்தலும் கூடும் என்பதற்கு இது சான்று.

காய்கறி உண்பதன் பயன்

மருந்தாகாதெனினும் காய்கறியைக் குறைத்தல் தவறு. நாளொன்றுக்குக் காய்கறியும் பழமுமாக 400 கிராமேனும் உண்ணவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இவ்வாறு உண்போருக்கு உடற்பருமன், இரத்த அழுத்தம், இருதய நோய் ஆகியன குறைவாக உண்டாகும். மிகுந்த உடற்பருமன் சுரப்பியின் தொல்லையையும் கூட்டுவதால், இவ்வழியிலும் நன்மையுண்டு. சமைக்கும்போது பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

வெங்காயத்தின் வெளிச் சதையடுக்குகளிலேயே குவெர்செற்றின் மிகுதியாகவுள்ளது. ஆகவே காய்ந்த சருகை மட்டும் நீக்குக. காய்கறி அவித்த நீரை ஊற்றிவிடாது குழம்பிற் சேர்த்துக்கொள்க. தக்காளியைச் சிறிது எண்ணெயுடன் சமைத்தால் லைக்கோப்பீன் உடலில் நன்கு சேரும். கத்தரிக்காயைத் தோலுடன் சமைத்தல் நன்று. தோலுடன் உண்ணும் காய்கறிக்குப் பீடைநாசினி தெளித்திருப்பின், சிட்டையிற் குறித்த நாட்கள் கழியுமுன் பறித்தலாகாது. சந்தைக்கு அனுப்புவதற்கும் இவ்விதி பொருந்தும். உண்ணுமுன் நன்றாகக் கழுவுதலும் வேண்டும்.

சிறுநீரக நோயுள்ளோர் கீரையையும் காய்கறியையும் திடீரெனக் கூட்டுதல் கூடாது. அவற்றிலுள்ள பொற்றாசியம் அவர்களுக்குத் தீங்கு செய்யலாம். அவர்கள் வைத்தியரைக் கேட்டே நடத்தல் வேண்டும்.

நீரைக் குறைத்தல் ஆகாது

இரவில் எழவேண்டுமென்று அஞ்சிப் பகல் முழுவதும் நீரருந்தாது வயலில் வேலை செய்வோர் உளர். இது பெருந் தவறு. வெயிலில் உடல் வற்றினாற் சிறுநீரகங்கள் பழுதடையும். வட மத்திய மாகாணத்திற் கமக்காரரிடையே நீடித்த சிறுநீரக நோய் 1990ஆம் ஆண்டுகள் தொடக்கம் பரவலாகக் காணப்படுவதை யாவரும் அறிவர். பகலிற் போதிய அளவு தூய நீரை அருந்துக. படுக்கைக்குச் செல்லுமுன் இரண்டு மணி நேரத்திற்கு மட்டும் நீரையும் தேநீரையும் குறைத்துக்கொள்க. மதுவை விலக்குக. தடிமலுக்காகக் கடைகளில் வாங்கும் சில மருந்துகள் சிறுநீரை முற்றாகத் தடுத்துவிடக் கூடும். சிறுநீர்த் தடையுள்ளோர் அவற்றைத் தாமாக வாங்கி உண்ணலாகாது.

வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய வேளை

சிறுநீர் முற்றாக நின்று அடிவயிறு வீங்கி வலித்தால், அப்பொழுதே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். குளிருடன் காய்ச்சலும் சிறுநீர்க் கடுப்பும் சேர்ந்து வந்தாலும் அன்றே செல்லுக. சிறுநீரில் இரத்தங் காணப்படுதல், காரணமின்றி உடல் மெலிதல், முதுகெலும்பிலோ இடுப்பெலும்பிலோ ஓயாத வலி ஆகியவற்றையும் தாமதிக்கலாகாது. இவை யாதுமின்றித் தாரை மட்டும் மெலிந்திருப்பினும் ஒருமுறை வைத்தியரிடம் காட்டுதல் நன்று. தேங்கிய சிறுநீர் நாளடைவில் சிறுநீரகங்களைக் கெடுத்துவிடும்.

வைத்தியர் சுரப்பியைத் தொட்டுப் பார்த்தும், சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்தும் நோயைத் துணிவார். குழாயைச் சூழ்ந்த தசையைத் தளர்த்தும் குளிசைகளும், சில மாதங்களிற் சுரப்பியைச் சுருக்கும் குளிசைகளும் உண்டு. தேவைப்படின் வயிற்றைக் கீறாது சிறுநீர்க் குழாய் வழியாகவே சத்திர சிகிச்சை செய்யலாம். அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சிகிச்சை இலவசமாகக் கிடைக்கும். இதனைச் சொல்ல வெட்கப்படுதல் வேண்டா. வயது சென்ற ஆண்களில் மிகப் பலருக்கு உள்ள தொல்லை இது.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. காய்கறியை நாள்தோறும் உண்க. அதனை மருந்தெனக் கொள்ளற்க.
2. செறிவாக்கிய குளிசைகளை வைத்தியரைக் கேளாது வாங்கற்க.
3. பகலில் நீரைக் குறைக்கற்க.
4. பீடைநாசினி தெளித்தபின் குறித்த நாட்கள் கழியுமுன் அறுவடை செய்யற்க.
5. சிறுநீர் தடைப்பட்டாலும் இரத்தங் காணப்பட்டாலும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்க.