குரூப்பில் கேட்டால் மெஷின் ஓடுமா?

கிருத்திகை என்றால் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் கூட்டம் தாங்காது. மற்ற நாட்களில் கோயிலுக்குப் போகும் சாலையை நிறைப்பவை ஷிப்ட் பஸ்கள். 2010இல் ரெனோ-நிசான் கார் ஆலையும் 2012இல் டெய்ம்லர் லாரி ஆலையும் திறக்கப்பட்ட ஒரகடம் பக்கத்திலேயே இருக்கிறது. பஸ்ஸில் இடம் கிடைத்ததும் ஆபரேட்டர் போனை எடுக்கிறார். கேட்டால், "சிஎன்சி வீடியோ பாக்குறேன் சார், கத்துக்கத்தான்" என்பார். பொய்யில்லை. ஆனால் அந்தக் கற்றலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சில நம்பிக்கைகளை உரசிப் பார்க்கத்தான் வேண்டும்.

முதல் நம்பிக்கை: "திரும்பத் திரும்பப் பார்த்தா கை தானா வந்துடும்."

வராது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கார்டஸ், எட் ஓப்ரையன் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. மேசை மேல் தட்டுகள் அசையாமல் விரிப்பை மட்டும் உருவுவது, அம்பு எறிவது போன்ற வித்தைகளைச் சிலருக்கு ஒரு முறையும் சிலருக்கு 20 முறையும் வீடியோவில் காட்டினார்கள். 20 முறை பார்த்தவர்களுக்கு "நம்மால் முடியும்" என்ற தெம்பு ஏறியது. செய்யச் சொன்னபோது, ஒரு முறை பார்த்தவர்களைவிட ஒன்றும் பிரமாதமாகச் செய்துவிடவில்லை. கழைக்கூத்தாடி தூக்கிப் போட்டுப் பிடிக்கும் கட்டை போன்ற ஒன்றைச் சற்று நேரம் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கோ அந்தத் தெம்பு இறங்கியே போனது. கனம் கைக்குத்தானே தெரியும்!

அடுத்தது ஆபரேட்டர்கள் சேர்ந்திருக்கும் போன் குரூப்களைப் பற்றியது: "அலாரம் நம்பரை போட்டோ எடுத்து குரூப்ல போடு, பதில் வந்துடும்."

பதில் வரும், அதில் சந்தேகமில்லை. அந்தப் பதில் உங்கள் மெஷினுக்கு உரியதா என்பதுதான் கேள்வி. கணினி வழி ஓடும் சிஎன்சி மெஷின்களின் ஃபேனக் கன்ட்ரோலில் 401 என்றால் சர்வோ ரெடி சிக்னல் போய்விட்டது என்று பொருள். அது எந்த மெஷினிலும் ஒன்றுதான். 'EX' என்று தொடங்கி 1000க்கு மேல் வரும் அலாரங்கள் அப்படியல்ல. அவற்றை எழுதியது ஃபேனக் அல்ல, மெஷினைக் கட்டிய கம்பெனி. ஒரு மெஷினில் 1005 ஆயில் குறைவைச் சொன்னால், பக்கத்து ஷெட்டின் மெஷினில் அதே எண் கதவு மூடவில்லை என்று சொல்லலாம். ஜி-கோடும் இப்படித்தான். வழக்கமான லேத் அமைப்பில் ஜி50, ஸ்பிண்டிலின் உச்ச வேகத்துக்குக் கடிவாளம் போடும். விஎம்சி என்ற மில்லிங் மெஷினில் அதே ஜி50 ஸ்கேலிங்கை ரத்து செய்யும். லேத்தில் ஜி92 மரை வெட்டும், விஎம்சியில் ஜாபின் ஆயத்தொலைவுகளை நிர்ணயிக்கும். வீடியோவில் சொல்பவர் எந்த மெஷின் முன்னால் நிற்கிறார் என்று பார்க்காமல் எழுதிக்கொண்டு வந்தால், உடைவது டூல் மட்டுமாக இருந்தால் அதிர்ஷ்டம்.

"குரூப்ல வாயே திறக்காதவன் எதுவும் கத்துக்கிறதில்ல" என்பது மூன்றாவது. இதில் மட்டும் பேசாதவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கற்றல் ஆய்வாளர்கள் ஜீன் லேவ், எட்டியன் வெங்கர் இருவரும் 1991இலேயே எழுதினார்கள்: தையல்காரர் முதல் மருத்துவச்சி வரை எந்தத் தொழிலிலும் புதியவர் ஓரத்தில் நின்று பார்த்து, சின்னச் சின்ன வேலையில் தொடங்கித்தான் உள்ளே வருகிறார். ஓரத்திலேயே நின்றுவிட்டால்தான் வம்பு.

நான்காவது: "ரூம் பசங்க குரூப் போதும், தெரியாதவங்கள எதுக்கு சேர்த்துக்கணும்?" இதற்கு லிங்க்ட்இன்னில் 2 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களிடம் ஐந்தாண்டுகள் நடந்த சோதனைகள் பதில் சொல்கின்றன. 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்த அந்த முடிவின்படி, வேலை மாற அதிகம் உதவியவர்கள் நெருங்கிய நண்பர்கள் அல்ல, ஓரளவு மட்டுமே பழக்கமானவர்கள். காரணம் எளிது. ரூம் நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஆலை கேட்டில் போன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதைக் கெடுபிடி என்று நினைப்பவர்களும் உண்டு. டிராயிங்கில் இருப்பது வாடிக்கையாளர் கம்பெனியின் சொத்து. சந்தேகம் கேட்க அதைப் படமெடுத்துப் போட்டாலும் வேலைக்கு உலைதான்.

படமே இல்லாமலும் நல்ல கேள்வி கேட்கலாம்: "ஃபேனக் 0ஐ-டிஎஃப், லேத். ராத்திரி கரண்ட் போய் வந்த பிறகு 401. எமர்ஜென்சி ரிலீஸ் பண்ணியாச்சு, ரீசெட்டில் போகவில்லை. ஆம்ப்ளிஃபயர் டிஸ்ப்ளேயில் என்ன பார்க்கணும்?" இதை டைப் செய்யும்போதே பாதிப் பேர் எழுந்து போய் மின் பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள்.