பையனுக்கு அண்ணனாகப் போகிறாயா தம்பி? அக்கா சொல்வதைக் கேட்டுவிட்டுப் போ!

லயன்ஸிலோ ரோட்டரியிலோ கூட்டம் போட்டு, "வழி தவறும் நிலையில் இருக்கும் பையன்களுக்கு ஆளுக்கொருவர் வழிகாட்டியாக இருப்போம்" என்று பேசியிருப்பார்கள். நீயும் கை தூக்கிவிட்டு வந்திருப்பாய். நல்ல மனசு, சந்தோஷம். ஆனால் இந்தப் பையன்களோடு பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் பல காலம் பழகியவள் நான். நல்ல மனசோடு வந்தவர்கள் செய்த தப்புகளைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். உனக்கும் கடை, குடும்பம், தவணை என்று ஆயிரம் வேலை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1. ஒரு வருஷம் வர முடியாதென்றால் இப்போதே விலகிக்கொள்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தப் பையனின் அப்பா விட்டுப் போயிருப்பார், இல்லையென்றால் வீட்டில் இருந்தும் இல்லாதவராக இருப்பார். நீ நாலு வாரம் வந்து, சட்டை வாங்கிக் கொடுத்து, அடுத்த வாரம் காணாமல் போனால் "இவரும் அப்படித்தான்" என்று முடிவு கட்டிவிடுவான். அமெரிக்காவில் 1904-ல் எர்னஸ்ட் கூல்ட்டர் என்ற சிறார் நீதிமன்ற எழுத்தர், ஆண்கள் சங்கம் ஒன்றின் கூட்டத்தில் "ஆளுக்கு ஒரு பையனுக்கு அண்ணனாக இருங்கள்" என்று கேட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'பிக் பிரதர்ஸ்' அமைப்பு. அங்கே இப்படிச் சேர்த்து வைத்த பிள்ளைகளை ஆராய்ந்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இருவர் 2002-ல் எழுதினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்த உறவில்தான் பலன் அதிகம் தெரிந்ததாம். மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன இடங்களில், பிள்ளைகள் தங்கள் மேல் வைத்திருந்த மதிப்பே முன்பைவிடக் குறைந்துவிட்டது. பாதியில் விடுவதைவிடத் தொடங்காமல் இருப்பது நல்லது என்று நான் கறாராகச் சொல்வது அதனால்தான்.

2. வாரம் ஒரு மணி நேரம் போதும். கிழமையும் நேரமும் மாறக் கூடாது.

மாதம் ஒருநாள் முழுக்கக் கூட்டிக்கொண்டு சுற்றுவது வேண்டாம். சனிக்கிழமை 5 மணி என்றால் 5 மணி. வர முடியாத வாரம் சங்கச் செயலாளருக்குச் சொன்னால் போதாது, பையனுக்கே போன் போடு.

இன்னொன்று. உங்கள் சங்க வருஷம் ஜூன் 30-ல் முடியும். ஜூலையில் வருகிற புதுத் தலைவர் மரம் நடலாம் என்பார். பையனுக்கோ ஜூனில்தான் பள்ளிக்கூடமே திறக்கிறது. திட்டம் இரண்டு வருஷத்துக்கு என்று முதலிலேயே தீர்மானம் போட்டு வை.

3. பேனர் கட்டாதே, போட்டோ எடுக்காதே.

ஒரு ஜாமெட்ரி பாக்ஸை ஆறு பேர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், நடுவில் பையன் தலைகுனிந்து நிற்பான். அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றி மறுநாளே அவன் வகுப்புக்கு வந்துவிடும். அப்புறம் எந்த முகத்தோடு அவன் உன்னிடம் வருவான்? வழக்கில் சிக்கிய பையனோ, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பையனோ என்றால், அடையாளம் தெரிகிற மாதிரி படம் வெளியிடுவது சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 74-வது பிரிவின்படி குற்றமும்கூட.

"பிரச்சினைப் பையன்கள்" என்று தனியாக ஒரு கும்பல் சேர்க்கவும் வேண்டாம். ரோட்டரிக்கு இன்டராக்ட், லயன்ஸுக்கு லியோ என்று பிள்ளைகளுக்கான சங்கங்கள் இருக்கின்றன. 1962-ல் இன்டராக்ட் தொடங்கியபோது அமெரிக்காவுக்கு வெளியே முதல் சங்கம் அமைந்தது நம் தஞ்சாவூரில்தான். மற்றப் பிள்ளைகளோடு அவனையும் அதில் சேர்த்துவிடு.

4. முதல் மாதம் அறிவுரையே கூடாது.

"நான் உன் வயசுல..." என்று வாயைத் திறக்காதே. மார்க் கேட்காதே. எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால் அவனுக்கு ஸ்டேஷன் ஞாபகம்தான் வரும். பக்கத்தில் நட, டீக்கடை பெஞ்சில் ஒரே பக்கம் உட்கார். மத்தியானம் என்ன சாப்பிட்டான் என்று கேள். முகம் பார்க்காமல் பேசும்போது இந்த வயசுப் பையன்கள் தானாகவே கொட்டிவிடுவார்கள். பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் இரு, ஒன்றும் குடிமுழுகிவிடாது.

5. கையில் காசு கொடுக்காதே, பைக் சாவியைக் கண்ணிலேயே காட்டாதே.

பன்னும் டீயும் பரோட்டாவும் வாங்கிக் கொடு, நீயும் கூட உட்கார்ந்து சாப்பிடு. "ஒரு ரவுண்டு போய்ட்டு வர்றேண்ணா" என்று கெஞ்சுவான். மனசு இளகிவிடாதே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டிக்காரரோ 25,000 ரூபாய் அபராதம் கட்டி 3 வருஷம் வரை உள்ளே போக வேண்டியிருக்கும்.

6. பூட்டிய அறையில் தனியாக இருக்காதே. ரகசியச் சத்தியம் செய்யாதே.

இதை மட்டும் இரண்டு தடவை படி. உன் கார், உன் வீட்டு மாடி, சங்க அலுவலகம் என்று எதுவானாலும் இன்னொரு பெரியவர் பார்வையில் இருக்கவேண்டும். இது அவனுக்கும் பாதுகாப்பு, உனக்கும் பாதுகாப்பு. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். இல்லை, 18 வயது முடியாத பையன்களுக்கும் உண்டு.

"அண்ணா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று ஒருநாள் கேட்பான். பண்ணாதே. "உன்னைக் காப்பாற்ற யாரிடம் சொல்ல வேண்டுமோ, அவரிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல். பாலியல் தொல்லை என்று தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது போக்சோவில் தண்டனைக்குரிய குற்றம். துருவித் துருவிக் கேட்காதே, தப்புச் செய்தவன் வீட்டுக்குப் பஞ்சாயத்துப் பேசவும் போகாதே. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழை.

7. அம்மாவை மறந்துவிடாதே.

நாலு வீட்டு வேலை முடித்து வருகிறவர், ராத்திரி 8 மணிக்கு மேல் பேசு. அவர் எதிரில் பையனைத் திட்டாதே. அவன் உன்னிடம் சொன்னதையெல்லாம் அங்கே போய் ஒப்பிக்கவும் வேண்டாம்.

8. கீழுதட்டைக் கவனி.

சிரித்தாலும் வாய் திறக்க மாட்டான், உதடு லேசாக உப்பியிருக்கும். உள்ளே கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம் இருக்கும். அறையாதே, நாலு பேர் முன்னால் பையைக் கொட்டாதே. தனியாகச் சொல்லி, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நீயே கூட்டிப் போ. முதலில் போனில் கேட்கவேண்டுமானால் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, இலவசம்.

9. உன் செல்வாக்கைச் சரியான வரிசையில் செலவு செய்.

பத்தாவதில் தோற்றுவிட்டானா? துணைத் தேர்வுக்கு உடனே பணம் கட்ட வை, ஒரு வருஷம் சும்மா விட்டால் கூட்டாளிகள் இழுத்துக்கொள்வார்கள். படிப்பு ஏறவே இல்லையென்றால் ஐ.டி.ஐ. இருக்கிறது. வெல்டர், வயர்மேன் போன்றவற்றுக்கு எட்டாவது தேறியிருந்தாலே போதும். அரசுப் பள்ளியில் படித்து மேலே போகும் பையன்களுக்கு, 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். இடம் கிடைத்தும் பையன்கள் கோட்டைவிடுவது காகிதத்தில்தான். டி.சி., சாதிச் சான்று, ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு, இந்த மூன்றையும் முன்கூட்டியே தயார் செய். இ-சேவை மையத்தில் அவனோடு நீயும் வரிசையில் நில்.

10. போலீஸ் பிடித்துவிட்டால் கவுன்சிலருக்குப் போன் போடாதே.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போ. பையனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். இதை மரியாதையாகவே சொல், குரலை உயர்த்தாதே. வக்கீலுக்கு வட்டிக்கு வாங்க வேண்டாம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் குழந்தைகளுக்கு இலவசமாகவே வைத்துக் கொடுப்பார்கள். "இனிமே எனக்கு வேலையே கிடைக்காதுல்லண்ணா?" என்று கேட்பான். கொடுங்குற்றம் என்று பெரியவர்களைப் போல விசாரிக்கப்படும் வழக்குகள் தவிர, மற்றதில் இந்த வழக்கு அவனுக்குத் தகுதிக்குறைவு ஆகாது என்று சிறார் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவு சொல்கிறது. அதை அங்கேயே, அம்மா காதிலும் விழும்படி அவனுக்குச் சொல்.